புல் வாங்கியவன்

பஞ்சநதத்துக்கு வேலை போவது எப்போதும் ஒரே மாதிரிதான். காலையில் கஞ்சியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவான். கட்டிலில் படுத்திருப்பவர் வாயைத் திறக்கமாட்டார். அவ்வளவுதான், வேலை போயிற்று. ஊரில் மற்றவர்களை முதலாளி போகச் சொல்வார். இவனுக்கு முதலாளியே போய்விடுவார்.

நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. திருவையாற்றுப் பக்கம் நிலபுலன் இருந்த குடும்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்வது மட்டும்தான் மிச்சம். அப்பா கண்ணை மூடுவதற்குள் வீடும் கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு அவன் பார்க்காத வேலை கிடையாது. கும்பகோணத்தில் லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுத்தான். தஞ்சாவூரில் மெஸ்ஸில் பரிமாறினான். முகூர்த்த மாதங்களில் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போனான், ஆடியில் பட்டினி கிடந்தான். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சீசன் மூட்டைக்குக் காவல் இருந்து, நனைந்த நெல்லோடு சேர்ந்து தானும் முளைவிட்டு வந்தான். சோம்பேறியா என்றால் இல்லை. கைநீளமா என்றால் அதுவும் இல்லை. "உன் ராசி அப்படிடா" என்பாள் அவன் அம்மா மதுரம். ராசியாவது மண்ணாவது. போன இடத்திலெல்லாம் அவனை எடுத்ததே, யாரோ ஒருவர் லீவிலிருந்து திரும்பும் வரைக்கும், அல்லது சரியான ஆள் கிடைக்கும் வரைக்கும்தான். அந்த யாரோ வந்ததும் இவன் பையைத் தூக்கினான்.

கடைசியாக வந்து ஒதுங்கிய தொழில், வயதானவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பார்கள். பெற்றவர்கள் இங்கே நாலு கட்டு வீட்டில் தனியாக இருமிக்கொண்டிருப்பார்கள். தஞ்சாவூரில் ஹாஃபிஸா என்கிற பெண் இதற்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்தாள். சமைக்கத் தெரிந்த, மடி ஆசாரம் தெரிந்த ஆண் ஆள் வேண்டும் என்று கேட்கிற வீடுகளுக்கெல்லாம் அவள் கையில் இருந்த ஒரே சீட்டு பஞ்சநதம். ஒருவர் போய்விட்டார் என்று தெரிந்தால் போதும், போன் வரும். "காரியமெல்லாம் ஆயிடுச்சாண்ணே? மெதுவா வாங்க, அடுத்த இடம் பாத்து வைக்கிறேன்." நல்ல மனுஷிதான். அவளும் என்ன செய்வாள்.

இப்படி வீடு வீடாகப் போகிறவனுக்கு இந்த வருஷம் ஒரு கெடு விழுந்தது. மதுரம் சீர்காழியில் தன் தங்கை பிள்ளையின் வீட்டில் இருந்தாள். பெயருக்குப் பெரியம்மா, இருப்பு அடுப்படியில். எழுபத்துநாலு வயதில் காலை காப்பியிலிருந்து ராத்திரி பால் வரை அவள் கைதான். அந்தக் குடும்பம் தை பிறந்ததும் சென்னைக்குக் குடிபோகிறது. "அது ரெண்டு ரூம் பிளாட். தைக்குள்ள அம்மாவை நீ அழைச்சுண்டு போயிடு பஞ்சு" என்று தங்கை பிள்ளை சொல்லிவிட்டான். எங்கே அழைத்துக்கொண்டு போவது? அடுத்தவர் வீட்டு நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறவன், அம்மாவை எங்கே படுக்கவைப்பான்?

அப்போதுதான் அந்த வாக்கு வந்தது.

நீடாமங்கலத்துக்கு வடக்கே, வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே வெங்கடகிருஷ்ணன் வீட்டில் பஞ்சநதம் இரண்டு வருஷமாக இருந்தான். கிழவருக்கு எண்பத்தெட்டு. ரயில்வேயில் இருந்தவர். இடுப்புக்குக் கீழே விளங்காது, நாக்கு மட்டும் நன்றாக விளங்கும். "டேய் பஞ்சு, ரசத்துல புளியைப் போட்டியா, புளியைக் காட்டிட்டு எடுத்துட்டியா?" என்பார். ஜங்ஷனில் ஹாரன் கேட்டால் படுத்தபடியே, "கூட்ஸ். நெல்லு ஏத்திண்டு போறான்" என்பார். சரியாகத்தான் இருக்கும். பெண்பிள்ளைக் குரலே வீட்டுக்குள் ஆகாது அவருக்கு. பாத்திரம் தேய்க்க வந்தவளைக்கூடக் கொல்லைப்பக்கத்தோடு நிறுத்தியிருந்தார்.

அவர் பிள்ளை விஸ்வா டல்லஸில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். ஆவணியில் ஒருநாள் அவனே சொன்னான்.

"பஞ்சு, அப்பா காலத்துக்கு அப்புறமும் நீங்க அங்கேயே இருங்கோ. பூட்டிப் போட்டா வீடு பாழாப் போயிடும். பின்கட்டு ரூம் சும்மாதானே இருக்கு? உங்கம்மாவையும் அழைச்சுண்டு வந்துடலாம்."

பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஷைலஜாவும் தலையாட்டினாள். "இப்பவே அழைச்சுண்டு வரச் சொல்லலாம். ஆனா மாமாதான் கத்துவார்" என்று சிரித்தாள்.

அன்று மத்தியானமே பஞ்சநதம் பின்கட்டு அறையைத் திறந்தான். ஒட்டடை அடித்தான், சுண்ணாம்பு பூசினான், செத்துப்போன பல்பை மாற்றினான். அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்த் துண்டைப் பதித்தான். சீர்காழிக்குப் போன் செய்து, "இடம் கிடைச்சுடுத்தும்மா" என்றான். மதுரம், "எப்போ வரலாம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கிழவர் போன பிறகு. அதுவும் தைக்குள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் கணக்கு அதுதானே. பஞ்சநதம் ஒரு எறும்பைக்கூடத் தள்ளிவிட்டுத்தான் நடப்பவன். அவனுக்கே தன்னை நினைக்க அருவருப்பாக இருந்தது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கப் பிறக்க, கிழவர் இருமினால் ஓடிப்போய்ப் பார்ப்பான். பார்த்துவிட்டு, எதற்காக ஓடி வந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். அந்தக் கூச்சத்திலேயே முன்னைவிட அதிகமாகக் கவனித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தான், முதுகில் ஒரு புண் வர விடவில்லை. டாக்டர் வந்து பார்த்து, "பெத்த பிள்ளை பாக்கமாட்டான் இப்படி" என்றார். பஞ்சநதத்துக்கு அது திட்டு மாதிரிக் கேட்டது.

கார்த்திகை அடைமழையில், ஒரு புதன்கிழமை காலை, கஞ்சி ஆறிப்போயிற்று.

கிழவருக்குப் பெண் ஒருத்தி, ஸ்ரீவித்யா, பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். விஸ்வாவால் வர முடியாது. அவன் பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்குப் போயிருந்தது, விசாவும் இழுபறியில் இருந்தது. அது கைக்கு வந்தாலும், அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ. வீடியோவில் அவன் அழுதது பொய் அழுகை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு எழுந்தது. ஸ்ரீவித்யாவுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். அவள் புருஷனுக்கு அப்பா இருக்கிறார், அதனால் அவர் செய்யக்கூடாது. பாக்கி இருந்தது தாயாதி நாகேஸ்வரன். தஞ்சாவூரில் ஆடிட்டர். இந்த வீட்டு நிலம் நீச்சை எல்லாம் விஸ்வாவுக்காகப் பார்த்துக்கொள்பவர். அவரைப் பற்றிக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். கொள்ளி போட்டால் ஒரு வருஷம் அவர் வீட்டில் சுப காரியம் கிடையாது. அவருக்கோ தையில் பெண் கல்யாணம், மண்டபம் பேசியாயிற்று. மனுஷன் சாஸ்திரிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்து பஞ்சநதத்தின் தோளில் கைபோட்டார். அதற்கு முன் அவர் அவனைத் தொட்டதே இல்லை.

"பஞ்சு, உனக்குத்தான் அப்பா இல்லையே. நீ புல்லு வாங்கிண்டு பண்ணிடேன். ரெண்டு வருஷமாப் பாத்துண்டவன், உன்னைவிட யாருக்கு யோக்யதை இருக்கு?"

பிள்ளையால் முடியாதபோது அவன் ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்து இன்னொருவன் கையில் கொடுப்பான். அதை வாங்கிக்கொண்டவன் அவன் சார்பில் எல்லாக் கிரியைகளையும் செய்யலாம். வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் கொடுக்கிறவன் டல்லஸில், வாங்குகிறவன் வெண்ணாற்றங்கரையில். சாஸ்திரிகள் அதற்கும் வழி சொன்னார். "அவர் அங்கே ஒரு புல்லை எடுத்துக் கீழே வைக்கட்டும். இவர் இங்கே எடுத்துக்கட்டும்." டல்லஸில் அப்போது ராத்திரி, விஸ்வா தர்ப்பைக்கு எங்கே போவான்? டார்ச்சோடு வீட்டு முன்னால் இருந்த புல்தரையில் இறங்கி ஒன்றைப் பிடுங்கினான். "புல்லுன்னா புல்லுதான்" என்று சொல்லிவிட்டார் சாஸ்திரிகள். போனில் அவன் கீழே வைத்தான். இங்கே பஞ்சநதம் தர்ப்பையைக் குனிந்து எடுத்தான்.

மழையில் கட்டை நனைந்துபோயிருந்தது. கிழவரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த வீரையன் தன் வீட்டுக் கூடத்தில் காய்ந்துகிடந்த வறட்டியையும் புளிய விறகையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். பஞ்சநதம் தீ வைத்தான். இரண்டு வருஷம் துடைத்து, பவுடர் போட்டு, புண் வராமல் காப்பாற்றிய உடம்பு அது. அவன் அழுத அழுகையைப் பார்த்து ஊரே ஆச்சரியப்பட்டது. தைக்குள் போகவேண்டும் என்று உள்ளுக்குள் எண்ணியவன் தானே என்ற குத்தல் அந்த அழுகையில் பாதி. அது யாருக்குத் தெரியும்?

அடுத்த நாட்களை அவன் ஈர வேட்டியோடே கழித்தான். தினமும் ஆற்றில் முழுக்கு, எள்ளுத் தண்ணீர், ஒருவேளைச் சாப்பாடு. பத்தாம் நாள் தலையையும் மீசையையும் மழித்தார்கள். ஸ்ரீவித்யா அவனை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். "நாங்க இதை மறக்கமாட்டோம் அண்ணா" என்றாள். அவளும் பொய் சொல்லவில்லை. பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுநாளே வந்துவிடும்படி பஞ்சநதம் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினான். சீர்காழிக்காரர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு என்ன? அவர்கள் பஸ் பார்த்து ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள்.

வினை பதிமூன்றாம் நாள்தான் வந்தது. அதுவும் பிரியத்தின் ரூபத்தில் வந்தது.

வாசல் பந்தலில் சாப்பாடு ஆகப்போகிற நேரம். வீரையன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு புதுத் துண்டையும் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய ஜனங்களில், கருமாதி அன்று கொள்ளி வைத்தவனை உட்காரவைத்து நாலு பேர் முன்னால் தலையில் உருமா கட்டுவார்கள். கட்டிக்கொண்டவன்தான் இனி அந்த வீட்டுக்குத் தலை. அய்யர் வீடுகளில் இப்படி ஒரு வழக்கமே கிடையாது. வீரையனுக்கு அது தெரியாமல் இல்லை; ஆனால் மனசு கேட்கவில்லை.

"எங்க அய்யா காரியத்துல உருமா கட்டாம வுட்டாங்கன்னு இருக்கக் கூடாதுங்க. எங்க பாட்டன் காலத்துலேருந்து இந்த வூட்டு மண்ணுலதான் சாப்பாடு. நீங்க செத்த உக்காருங்க சின்னய்யா."

சின்னய்யா. பஞ்சநதத்தை இதுவரை ஆளே என்றும், சார் என்றும், இந்தாப்பா என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் சொல்லியிருக்கவேண்டியது ஒன்றுதான்: எங்களில் இது வழக்கமில்லை, நான் கூலிக்கு வந்த ஆள், விஸ்வாவிடம் கேளுங்கள் என்று. சொல்லவில்லை. போய் உட்கார்ந்தான். வீரையன் அவனுடைய மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஓர் ஊரில் ஒருவனாக நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கழற்ற மனம் வரவில்லை. அதோடேயே இலைகளுக்கு நடுவில் போய், "பாயசம் போடுங்கோ, அந்தப் பக்கம் கவனியுங்கோ" என்று விசாரித்தான்.

எல்லாருக்கும் கேட்கும்படி வீரையன் இன்னொன்றும் கேட்டார். "அப்ப தையில அறுப்பு அறுத்தா குத்தகை நெல்லு ஒங்ககிட்டதான் அளக்கணுங்களா?"

"பாத்துக்கலாம் வீரையன், பாத்துக்கலாம்" என்றான் பஞ்சநதம்.

அட பாவி. 'எனக்கென்ன தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாத்துக்கலாம் என்பது மிராசுதார் சொல்கிற பதில். நாகேஸ்வரனின் கையிலிருந்த கவளம் இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. யாரோ ஒரு மாமா அதற்குள் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார். உருமா கட்டிய பஞ்சநதம், பக்கத்தில் கைகட்டி நிற்கும் வீரையன். கீழே, 'நம்மாத்துக்குப் புது பெரிய மனுஷன்' என்று கிண்டலாக ஒரு வரி. டல்லஸில் அதை யாரும் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்ரீவித்யா அன்று மாலையே பெங்களூர் கிளம்பிவிட்டாள். போகும்போது "வரேன்" என்று மட்டும் சொன்னாள். அண்ணா சேர்க்கவில்லை.

மறுநாள் காலை நாகேஸ்வரன் குளித்து விபூதி இட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பஞ்சு, தப்பா எடுத்துக்காதே. வீட்டை விக்கறதுன்னு விஸ்வா முடிவு பண்ணிட்டான். நீ இன்னிக்கே கிளம்பினா நல்லது."

பஞ்சநதத்துக்கு முதலில் புரியவில்லை. "அவர் என்னை இருக்கச் சொன்னாரே. பின்கட்டுல அம்மாவோட..."

"சொன்னான். இல்லேங்கலை. அப்போ நீ வேலைக்கு இருந்தவன். இப்போ கொள்ளி போட்டவன். பிண்டம் போட்டவனுக்குப் பாத்யதை உண்டுன்னு நாளைக்கு எவனாவது வக்கீல் உனக்குச் சொல்லிக்குடுப்பான். போறாக்குறைக்கு உருமா வேற கட்டிண்டு நின்னிருக்கே. குத்தகைக்காரன் உன்னை மொதலாளிங்கறான். நீயும் பாத்துக்கலாங்கறே. இப்படி ஒருத்தன் உள்ளே உக்காந்திருக்கற வீட்டை எவன் வாங்குவான்?"

"நீங்க சொல்லித்தானே நான் புல்லு வாங்கினேன்?"

"நான்தான் சொன்னேன். உருமா கட்டிக்கோன்னு சொல்லலையே."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அம்மாவுக்கு ஒரு ரூம், அவ்வளவுதான். எந்தப் பாத்யதையும் இல்லேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

நாகேஸ்வரன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ எழுதிக் குடுத்தது நிக்காதுடா. ஊர் பாத்தது நிக்கும்."

பஞ்சநதம் விஸ்வாவுக்குப் போன் போட்டான். மூன்றாவது தடவைதான் எடுத்தான். முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் வந்தது. "பஞ்சு... நீங்க அப்பாவுக்குப் பண்ணினதை நான் மறக்கமாட்டேன். ஆனா இங்கேர்ந்து எனக்கு ஒண்ணும் புரியலை. நாகு அண்ணா சொல்றபடி பண்ணிடுங்கோ. ப்ளீஸ்." பின்னால் ஷைலஜா ஏதோ சொல்வது கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். மதுரம் விடியற்காலையில் பஸ் ஏறியிருப்பாள். அவளிடம் செல்போன் கிடையாது. கும்பகோணத்தில் மாறி, நீடாமங்கலத்தில் பதினொரு மணிக்கு இறங்குவாள்.

வேட்டி நான்கு, சட்டை மூன்று, சவரப் பெட்டி, போர்வை. பை கட்ட அவனுக்கு நேரமே ஆகாது. பழகிய கை. நாகேஸ்வரன் அவன் கண்ணெதிரே பின்கட்டு அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் வீரையன் டிவிஎஸ்ஸை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. பஞ்சநதத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ரயில்வே கேட் போட்டிருந்ததால் நின்றபோது, திரும்பாமலே கேட்டார்.

"நான் உருமா கட்டுனதுனாலயாங்க?"

"சேச்சே. வீட்டை விக்கறாளாம். அதுக்கு நீங்க என்ன பண்ணுவேள்?"

"இல்லிங்க, நாந்தான்... நாக்குல சனி."

"ஒண்ணுமில்லை வீரையன். வண்டியை எடுங்கோ, கேட் திறந்துட்டான்."

பஸ் ஸ்டாண்டில் மன்னார்குடி பஸ் வந்து நின்றது. மதுரம் இறங்கினாள். ஒரு கையில் துணி மூட்டை, ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு. படியிறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தவள், பிள்ளையின் தலையைப் பார்த்ததும் நின்றாள். கொள்ளி வைத்ததை அவன் அவளிடம் சொல்லவேயில்லை.

"யாருக்குடா?"

"அந்தப் பெரியவருக்குத்தாம்மா. பிள்ளையால வரமுடியலை."

மழித்த தலையைக் கையால் ஒரு தடவை தடவினாள். "எல்லாம் சரியாப் பண்ணினியா? ஒண்ணும் குறை வைக்கலையே?"

"வைக்கலைம்மா."

"சரி. புண்ணியம். வா, போலாம். ஆத்துக்கு இங்கேர்ந்து எவ்வளவு தூரம்? தூக்குல புளியோதரை இருக்கு, போய் ரெண்டு பேருமா சாப்பிடலாம்."

பஞ்சநதம் டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்தான். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், காலடியில் இருந்த தன் பையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவ்வளவு போதும் அவளுக்கு. சீர்காழியில் அத்தனை வருஷம் அடுத்தவர் அடுப்படியில் இருந்தவளுக்கு ஒரு பையைப் பார்த்தால் விஷயம் தெரியாதா?

"இல்லேன்னுட்டாளா?"

அவன் தலையாட்டினான். நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் திட்டவில்லை. "அவா சொத்து, அவா பயம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தூக்கைத் திறந்து, மூடியில் புளியோதரையை வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் அதைத் தொடவில்லை. அழுதுவிடக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்தான்.

ஹாஃபிஸாவுக்குப் போன் போட்டான்.

"ஒங்களுக்கு இடம் ரெடியா இருக்குண்ணே. திருவாரூர்ப் பக்கம், ஒரு ரிட்டையர்டு தாசில்தார். நாளைக்கே போகலாம்."

"அம்மாவும் கூட இருக்கா, ஹாஃபிஸா."

"அங்க ஒத்துக்கமாட்டாங்கண்ணே. ஒரு ஆளுன்னுதான் பேசியிருக்கு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பொம்பளை ஆளுன்னா இங்க தஞ்சாவூர்லயே ஒரு இடம் அவசரமா கேக்கறாங்க. ஒரு அம்மா, வழுக்கி விழுந்து படுத்த படுக்கையா இருக்காங்க. சமைச்சுப் போட்டு, கூடமாட இருக்கணும். அதுக்கு ஆளு கிடைக்காம அலையறேன்."

பஞ்சநதம் வாயைத் திறப்பதற்குள் மதுரம் போனை வாங்கிக்கொண்டாள். "நான் அவன் அம்மா பேசறேன். அந்த இடத்துக்கு நான் வரேன்."

"ஒங்களுக்கு என்ன வயசும்மா?"

"அறுபத்திரண்டு."

ஹாஃபிஸாவுக்குக் கணக்குத் தெரியாதா? பஞ்சநதத்தின் வயது அவளுக்குத் தெரியும். குரல் இறங்கிப்போயிற்று. "சரிம்மா. ஆனா ஒண்ணு. அவங்க தனியாளாத்தான் வேணும்னு கேட்டிருக்காங்க. சொந்தக்காரங்க வந்து போய் இருந்தா சரிப்படாதுங்கறாங்க. முன்னாடி வந்த ஆளால என்னமோ பிரச்சினையாம். யாரும் இல்லாதவங்கன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்களும் அப்படியே இருந்துக்குங்க."

"இருந்துக்கறேன்" என்றாள் மதுரம்.

"அம்மா, வேண்டாம்" என்றான் பஞ்சநதம். "நான் வேற ஏதாவது..."

"வேற என்னடா பண்ணுவே? பஸ் ஸ்டாண்டுல படுக்கவெப்பியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கேள்வியாகவே கேட்டாள். "ஒரே ஊர் இல்லேன்னாலும் ஒரே ஜில்லாப் பக்கம்தானே. நான் அங்கே சமைக்கறேன், நீ இங்கே சமைக்கறே. மொதல்ல சாப்பிடு."

தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தண்ணீர் நின்ற சம்பா வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாப்பேட்டை தாண்டியபோது கேட்டாள்.

"அந்த மாமிக்கு என்ன வயசாம்?"

"எழுபத்தொண்ணாம்."

"என்னைவிடச் சின்னவதான்" என்று சொல்லி, மூட்டையிலிருந்து நல்ல புடவையை எடுத்து மேலாக வைத்துக்கொண்டாள். அவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீடு மெடிக்கல் காலேஜ் தாண்டி ஒரு நகரில் இருந்தது. மாடி வீடு, இரும்புக் கேட். பஸ் இறங்கி நடந்துவரும்போது மதுரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றாள். கேட்டுக்கு முன்னால் வந்ததும், நொண்டுவதைச் சட்டென்று நிறுத்தி நிமிர்ந்துகொண்டாள். பஞ்சநதம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான்.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து கேட்டைத் திறந்தாள். மதுரத்தைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"ஏஜென்சிலேர்ந்து ஆள் அனுப்பறேன்னாளே, வரலையா?"

"நான்தாம்மா ஆள்" என்றாள் மதுரம்.

அந்தப் பெண்ணின் முகத்தில் சந்தேகம் ஓடியது. உள்ளேயிருந்து யாரோ முனகும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே பார்த்தாள், மதுரத்தைப் பார்த்தாள். வேறு ஆள் கிடைக்காத அலுப்பு அவள் கண்ணில் தெரிந்தது. கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்தாள். பிறகு மூட்டையோடு நின்றவனைப் பார்த்தாள்.

"இவர் யாரு? உங்காத்து மனுஷாளா?"

பஞ்சநதம் வாயைத் திறந்தான். மதுரம் அவன் கையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு யாரும் இல்லையேம்மா. இவர் ஏஜென்சிலேர்ந்து கொண்டுவிட வந்தவர்."

"அப்போ நீங்க கிளம்பலாம் சார்" என்றாள் அந்தப் பெண்.

"சரிங்க மேடம்" என்றான் பஞ்சநதம்.